நம்பச் சொல்லாதீர்கள், கணக்கைக் காட்டுங்கள்

கூடங்குளத்தையும் கல்பாக்கத்தையும் சுற்றிய ஊர்களில் வலை இழுத்தும், பீடி சுற்றியும், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியும், உலைக்குள் ஒப்பந்தக் கூலிகளாகப் போய்வந்தும் வாழும் நாங்கள் இன்று முதல் ஓர் இயக்கமாகச் சேர்கிறோம். அணு உலையை மூடு என்பவர்கள் எங்களில் உண்டு. வந்தது வந்துவிட்டது, ஒழுங்காக நடத்தட்டும் என்பவர்களும் உண்டு. உலையில் வேலை கிடைத்ததால் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பியவர்களும் உண்டு. சில வீடுகளில் இந்த மூன்று பேரும் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கிறார்கள். எங்கள் எல்லோரையும் ஒன்றாக்கியது ஒரு கேள்விதான். எங்கள் உயிரைப் பற்றிய செய்தி எங்களுக்கு மட்டும் ஏன் கடைசியாக வந்து சேர்கிறது?

இதற்கு விடை தேடிப் போனால் ஃபுகுஷிமாவில் போய் நிற்கிறோம்.

2011 மார்ச் 11 பிற்பகல், ஜப்பானின் வடகிழக்குக் கடலில் 9.0 அளவுள்ள நிலநடுக்கம் வந்தது. ஃபுகுஷிமா டாய்ச்சி நிலையத்தில் ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் உடனே தாமாக நின்றன. ஆனால் உலை நின்றுவிட்டால் எரிகோல்களின் சூடு அடங்கிவிடுவதில்லை; குளிர்விக்கும் தண்ணீர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் மின்சாரம் நிலநடுக்கத்திலேயே போய்விட்டது. ஒரு மணி நேரத்துக்குள் ஏறக்குறைய 15 மீட்டர் உயரத்துக்கு ஏறிவந்த அலை, அடித்தளத்தில் வைத்திருந்த டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. குளிர்விக்க வழியில்லை. மூன்று உலைகளின் எரிபொருளும் உருகியது. மார்ச் 12, 14, 15 ஆகிய நாள்களில் ஹைட்ரஜன் வெடித்துக் கட்டடங்களின் மேற்பகுதி சிதறியது. ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான மக்கள் ஊரை விட்டுப் போனார்கள்.

யாரும் எதிர்பாராத இயற்கைச் சீற்றம் என்றது நிலையத்தை நடத்திய டெப்கோ நிறுவனம். ஜப்பான் நாடாளுமன்றம் அமைத்த, கியோஷி குரோகாவா தலைமையிலான விசாரணைக் குழு அதை ஏற்கவில்லை. மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்று 2012 ஜூலையில் எழுதிக் கொடுத்தது. அந்த முடிவுக்குக் காரணங்கள் இருந்தன. கடலோரத்தில் 35 மீட்டர் உயரமாக நின்ற மேட்டை 10 மீட்டராக வெட்டித் தாழ்த்தித்தான் உலைகளைக் கட்டியிருந்தார்கள். அலை ஆறு மீட்டருக்கு மேல் வராது என்ற கணக்கில்தான் பாதுகாப்பு இருந்தது. 15.7 மீட்டர் வரை வரலாம் என்று டெப்கோவின் சொந்தக் கணக்கே 2008இல் காட்டியது. மேலும் ஆராயட்டும் என்று அதைத் தள்ளிவைத்தார்கள். சுவர் எழவில்லை. ஜெனரேட்டர்களை மேட்டுக்கு ஏற்றவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து அந்தக் கணக்கு அலையாக வந்தது.

அதே கடற்கரையில் ஒனகாவா என்ற இன்னோர் அணுமின் நிலையம் இருக்கிறது. நிலநடுக்க மையத்துக்கு அது இன்னும் பக்கம். அதைக் கட்டத் திட்டமிட்ட காலத்தில், யானோசுகே ஹிராய் என்ற பொறியாளர் பழைய சுனாமிகளின் வரலாற்றைச் சொல்லி, உயரத்தைக் குறைக்கக் கூடாது என்று விடாப்பிடியாக நின்றார். கிட்டத்தட்ட 15 மீட்டர் உயரத்தில் நிலையம் எழுந்தது. 2011இல் அது தப்பியது. வீடிழந்த அக்கம்பக்கத்து ஊர்மக்கள் அந்த நிலையத்தின் வளாகத்துக்குள்ளேயே தஞ்சம் புகுந்தார்கள். எங்கள் இயக்கத்தில் சேரும் ஒவ்வோர் இளைஞரும் இந்த இரண்டு நிலையங்களின் கதையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கடல் ஒன்று, அலை ஒன்று. கேள்வி கேட்டவர் பேச்சுக்கு ஓரிடத்தில் மதிப்பிருந்தது, இன்னோரிடத்தில் இல்லை.

உலை உருகியதைவிட மக்களின் நெஞ்சில் ஆழமாகத் தைத்தது பிறகு நடந்ததுதான். கதிர்வீச்சு எந்தப் பக்கம் பரவும் என்று கணித்துச் சொல்ல ஸ்பீடி என்ற கணினி அமைப்பு அரசிடம் இருந்தது. அதன் கணிப்பு மார்ச் 23 வரை மக்களுக்கு வெளியிடப்படவில்லை. அதற்குள் நமியே நகரத்து மக்கள் பாதுகாப்பு என்று நம்பி, கதிர்வீச்சு மேகம் போன அதே திசையிலிருந்த ட்சுஷிமா பகுதியில் நாள்கணக்கில் தங்கியிருந்தார்கள். அமெரிக்க ராணுவத்துக்கு மட்டும் அந்தத் தகவல் முன்பே போயிருந்தது. தைராய்டைக் காக்கும் அயோடின் மாத்திரைகள் கையிருப்பில் இருந்தும், கொடுங்கள் என்ற உத்தரவு பெரும்பாலான ஊர்களுக்குப் போய்ச் சேரவில்லை. மிஹாரு என்ற சிற்றூரின் நிர்வாகம், காற்றின் திசையையும் வரப்போகும் மழையையும் பார்த்துத் தன் பொறுப்பில் மாத்திரைகளைக் கொடுத்தது. மாநில நிர்வாகம் திரும்ப வாங்கச் சொன்னது. ஊர் மறுத்தது. மிஹாருவுக்கு இந்தப் பிரகடனத்தின் வழியாக எங்கள் வணக்கம்.

எரிபொருள் உருகிவிட்டது என்பதை டெப்கோ ஒப்புக்கொள்ள மே மாதம் வரை ஆனது. உருகல் என்ற சொல்லைப் பயன்படுத்த வேண்டாம் என்று அன்றைய தலைவரே சொல்லியிருந்தது 2016இல்தான் வெளியே வந்தது; நிறுவனம் அப்போது மன்னிப்புக் கேட்டது. இதே நிறுவனம் ஆய்வு அறிக்கைகளைத் திருத்தி விரிசல்களை மறைத்தது 2002இலேயே அம்பலமாகியிருந்தது. அதைப் பற்றித் துப்புக் கொடுத்தவரின் பெயரை, ரகசியமாக வைத்திருக்க வேண்டிய கண்காணிப்பு அமைப்பே நிறுவனத்திடம் கொடுத்துவிட்டது. அந்த அமைப்பு, அணுமின்சாரத்தை வளர்க்கும் அதே அமைச்சகத்தின் கீழ் இருந்தது. வளர்ப்பவரும் கண்டிப்பவரும் ஒரே வீட்டில் இருந்தால் கண்டிப்பு இப்படித்தான் இருக்கும்.

கதிர்வீச்சால் பொதுமக்கள் யாரும் உடனே சாகவில்லை என்று எங்களிடம் சொல்கிறார்கள். அது உண்மை, நாங்கள் மறுக்கவில்லை, மறுப்பவர்களை எங்கள் மேடையில் ஏற்றவும் மாட்டோம். ஆனால் ஃபுகுஷிமா மாநிலத்தில் அந்த இடப்பெயர்ச்சியின் அலைச்சலிலும் மருத்துவம் தவறியதிலும் மனமுடைந்ததிலும் இறந்தவர்கள் என்று அரசே கணக்கெடுத்தவர்கள் 2,300க்கும் மேல். ஃபுடாபா மருத்துவமனையின் முதிய நோயாளிகள் பேருந்திலும் முகாமிலுமாக ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். அவர்களைக் கொன்றது ஆயத்தமின்மை. பெரும் விபத்து நடக்கவே நடக்காது என்று சொல்லி வந்தவர்களால், நடந்தால் என்ன செய்வது என்று ஊரைக் கூட்டி ஒத்திகை பார்க்க எப்படி முடியும்? ஜப்பானின் நிலையங்கள் மிகப் பாதுகாப்பானவை, இந்த அளவு விபத்து நினைத்தே பார்க்க முடியாதது என்ற பரவலான எண்ணமே விபத்துக்கு ஒரு முக்கியக் காரணம் என்று சர்வதேச அணுசக்தி முகமையின் 2015 அறிக்கையும் சொல்கிறது.

எங்கள் முதல் கொள்கை இங்கிருந்துதான் பிறக்கிறது. முழுப் பாதுகாப்பு என்ற வாக்குறுதியே முதல் ஆபத்து. மக்களின் சந்தேகத்தை அறியாமை என்று யாரும் இனி பேசக் கூடாது. டீசல் ஜெனரேட்டரைப் போல, தடுப்புச் சுவரைப் போல, கேள்வி கேட்கும் ஊரும் பாதுகாப்பு ஏற்பாட்டின் ஒரு பகுதி.

இரண்டாவது கொள்கையை ஃபுகுஷிமாவின் மீனவர்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறோம்: மக்களுக்குக் கொடுத்த வாக்கை மீறக் கூடாது. சம்பந்தப்பட்டவர்களின் புரிதலைப் பெறாமல், நிலையத்தில் சேர்ந்த கதிரியக்க நீரைச் சுத்திகரித்தாலும் கடலில் விட மாட்டோம் என்று 2015இல் டெப்கோவும் அரசும் அவர்களுக்கு எழுதியே கொடுத்திருந்தன. மீனவர் சங்கங்கள் எதிர்த்து நிற்கும்போதே 2023 ஆகஸ்ட் 24 அன்று நீர் திறந்துவிடப்பட்டது. அந்த நீர் சர்வதேசத் தரத்துக்கு உட்பட்டது என்று அணுசக்தி முகமை சொன்னது. இருக்கட்டும். கொடுத்த எழுத்து என்ன ஆயிற்று? அளவு சரியாக இருந்தால் வாக்கை மீறலாம் என்று ஆனால், அடுத்த அளவை யார் நம்புவார்கள்?

நம் கரைக்கு வருவோம். 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமியில் கல்பாக்கத்தில் கடல்நீர் பம்பு அறைக்குள் புகுந்தது. உலை பத்திரமாக நின்றது. அதை இயக்கியவர்களைப் பாராட்டுகிறோம். ஆனால் அணுமின் நிலையக் குடியிருப்பிலேயே உயிர்கள் போயின. கூடங்குளத்தை அடுத்த இடிந்தகரையில் சுனாமி காலனி வீடுகளிலிருந்து பார்த்தால் கூடங்குளம் உலைகளின் குவிமாடங்கள் தெரியும். ஃபுகுஷிமாவைத் தொலைக்காட்சியில் பார்த்த அந்த வீடுகளின் பெண்கள் 2011 ஆகஸ்டில் லூர்து மாதா கோயில் முன் போராட உட்கார்ந்ததில் என்ன வியப்பு? அவர்களுக்குக் கிடைத்த பதில், நூறு விழுக்காடு பாதுகாப்பு என்ற உறுதிமொழி. பிறகு ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்கு. 2013 மே 6 அன்று உலைக்கு அனுமதி தந்த உச்ச நீதிமன்றமே, வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்றும் சொன்னது.

கேட்டதைக் காட்டாத கதை அங்கே நிற்கவில்லை. கூடங்குளத்தின் பாதுகாப்பு ஆய்வறிக்கையை வெளியிடும்படி 2012இல் மத்திய தகவல் ஆணையம் உத்தரவிட்டது. நிலையத்தை நடத்தும் அணுமின் கழகம் அறிக்கையைத் தராமல் நீதிமன்றத்துக்குப் போனது. அதே ஆண்டு மத்திய கணக்குத் தணிக்கையாளர், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் தான் கண்காணிக்க வேண்டிய துறைக்கே கட்டுப்பட்டிருப்பதைச் சுட்டிக்காட்டினார். விதியை மீறினால் அதிகபட்ச அபராதம் 500 ரூபாய் என்பதையும் எடுத்துச் சொன்னார். 2019 அக்டோபரில் கூடங்குளத்தின் கணினிகளில் தீநிரல் புகுந்ததாகச் செய்தி வந்தபோது, அப்படி ஒன்றும் இல்லை என்று நிலையம் அறிக்கை விட்டது. மறுநாளே அணுமின் கழகம், உண்மைதான், நிர்வாகப் பணிக்கான ஒரு கணினியில் புகுந்தது, உலைக் கட்டுப்பாட்டுக்குத் தொடர்பில்லை என்றது. தொடர்பில்லை என்பதை ஏற்கிறோம். முதல் நாள் சொன்ன இல்லை என்ற பதிலை எங்கே கொண்டுபோய் வைப்பது?

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சாந்தி சட்டம் ஒழுங்குமுறை வாரியத்துக்குச் சட்டத் தகுதியைத் தந்திருக்கிறது; அதை வரவேற்கிறோம். அதே சட்டம் அணுமின் துறையைத் தனியாருக்குத் திறந்துவிட்டு, பழுதான கருவி தந்தவரிடம் இழப்பீட்டைத் திரும்பக் கேட்க 2010ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்திருந்த வழியைச் சுருக்கியும்விட்டது. லாபத்துக்கு ஆள் கூடுகிறது, பொறுப்புக்கு ஆள் குறைகிறது. நாங்கள் இப்போது சேர்வதற்கு இதுவே காரணம்.

எனவே பிரகடனம் செய்கிறோம். நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஒவ்வோர் ஊராட்சி அலுவலகத்தின் வாசலிலும் கதிர்வீச்சு அளவு மணிக்கு மணி தெரியும் பலகை வேண்டும். பாதுகாப்பு ஆய்வறிக்கைகள் தமிழில், படிக்கும் தமிழில், நூலகங்களில் கிடைக்க வேண்டும். நாசவேலைக்கு உதவும் பகுதிகளை மறைத்துக்கொள்ளட்டும்; மற்றவற்றை மறைக்க உரிமை இல்லை. வெளியேற்றும் திட்டம் ஆட்சியர் அலுவலக அலமாரியில் தூங்கக் கூடாது. எந்தப் பேருந்து, எந்தச் சாலை, படுத்த படுக்கையாய் இருக்கும் பாட்டியை யார் தூக்குவது, கடலுக்குப் போயிருக்கும் படகுக்கு யார் சொல்வது, மாத்திரை யார் கையில் இருக்கிறது என்பது வரை ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிய வேண்டும். ஊர்தோறும் ஒத்திகை நடக்க வேண்டும். உலைக்குள் போய்வரும் ஒப்பந்தத் தொழிலாளியின் உடல் வாங்கிய கதிர்வீச்சின் அளவு அவர் கையிலேயே எழுத்தாகக் கொடுக்கப்பட வேண்டும். ஒப்பந்ததாரர் மாறினாலும் அந்தக் கணக்கு அவரோடு போக வேண்டும். பயன்படுத்திய எரிபொருளை எங்கே, எத்தனை காலம் வைக்கப் போகிறார்கள் என்பதை மக்கள் மன்றத்தில் வந்து சொல்லாமல் புதிய உலை எதுவும் தொடங்கக் கூடாது. கேள்வி கேட்டவர் மீது இனி ஒரு வழக்கும் பாயக் கூடாது.

சந்தையில் மீன் விற்கும் அக்கா, நல்ல மீன் என்று சத்தியம் செய்வதில்லை. செவுளைத் தூக்கிக் காட்டுகிறார். நாங்கள் கேட்பதும் அதுதான்.

கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கவும் மாட்டோம். ஜப்பானில் விபத்துக்குப் பிறகு சேஃப்காஸ்ட் தன்னார்வலர்கள் அளவிகளைக் கட்டி, காரில் மாட்டி ஊர் ஊராகப் போய், அளந்ததையெல்லாம் எல்லோருக்கும் திறந்து வைத்தார்கள். இவாகி நகரத்துத் தாய்மார்கள் தாராச்சினே என்ற ஆய்வகத்தைத் தொடங்கி, பிள்ளைகள் சாப்பிடும் உணவை அளந்து பார்த்தார்கள். அந்த வழியில் எங்கள் ஊர்களிலும் அளவிகள் வரும். பள்ளி ஆசிரியர்களும் மாணவர்களும் அளப்பார்கள். எண் குறைவாக வந்தாலும் கூடுதலாக வந்தாலும் அப்படியே எழுதி ஒட்டுவோம். மீன்பாட்டின் கணக்கை ஊர்க் கமிட்டிகள் எழுதி வைக்கும். வதந்தியைப் பரப்புபவர் எங்கள் உறுப்பினராக நீடிக்க முடியாது. எந்தக் கட்சியிடமும் எந்த நிறுவனத்திடமும் பணம் வாங்க மாட்டோம். சாதியும் மதமும் பார்த்து இந்தக் கரையைப் பிரிக்க முயல்பவர்களுக்கு எங்களிடம் இடமில்லை.

உலைக்குள் பணிபுரியும் பொறியாளர்களே, தொழில்நுட்பப் பணியாளர்களே, நீங்கள் எங்கள் பகைவர்கள் அல்லர். உங்கள் பிள்ளைகளும் இந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். உங்கள் மேசையில் ஒரு 15.7 மீட்டர் கணக்கு இருந்தால் அதைத் தள்ளிவைக்காதீர்கள். தள்ளிவைக்கச் சொன்னால் வெளியே சொல்லுங்கள், உங்களுக்குத் துணையாக ஊரே வந்து நிற்கும். நகரங்களில் வாழும் தமிழ் மக்களே, ஃபுகுஷிமா டாய்ச்சியின் மின்சாரம் டோக்கியோ பகுதிக்குப் போனது. ஊரை இழந்தவர்கள் ஃபுகுஷிமா மக்கள். எங்கள் ஊர்களிலிருந்து வரும் மின்சாரத்தில் உங்கள் வீட்டு விளக்கும் எரிகிறது. எங்கள் கேள்வியில் உங்கள் குரலையும் சேருங்கள். இந்தப் பிரகடனத்தை உங்கள் தெருவில் படித்துக் காட்டுங்கள், கையெழுத்திடுங்கள், எங்களோடு வந்து அளவியைப் பிடியுங்கள்.