குடத்துக்குப் போன கண்ணாடிக் கிருஷ்ணர்

மக்களே, முதலில் ஒரு சின்னக் கொசுவர்த்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கோங்க.

எங்க வீடு ஒரத்தநாடு பக்கம். நான் அஞ்சாவது படிக்கிறப்போ கூடத்துச் சுவரில் ஒரு கண்ணாடிப் படம் தொங்கும். வெண்ணெய்த் தாழியோட கொழுகொழுன்னு கிருஷ்ணர். நகை இருக்கிற இடமெல்லாம் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து தகதகன்னு மின்னும். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தா படத்தைக் காணோம். அது இருந்த இடத்துல சுவர் மட்டும் சதுரமா வெளுத்துக் கிடந்துச்சு. பழைய சாமான் வாங்க மொபெட்ல வந்தவர்கிட்ட கொடுத்துட்டு, ஒரு எவர்சில்வர் குடம் வாங்கியிருந்தாங்க எங்க அப்பாயி.

"ஏன் அப்பாயி குடுத்த?"

"அட போடா, கண்ணாடி ஒடஞ்சா நீயா பெருக்குவ? குடம் ஒடையுமா?"

அந்தக் குடம் இன்னும் இருக்கு. உடையவே இல்லை. அப்பாயி சொன்னது சரிதான் :-)

சரி, விஷயத்துக்கு வருவோம். போன டிசம்பரில் ஹாஸ்டல் நண்பன் ஒருத்தன், கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் பழைய கண்ணாடிக் குண்டுகளைச் சேகரிப்பவர்களைப் பற்றிச் சொன்னான். ஜெர்மனியில் லாவுஷா என்று ஒரு மலை ஊர். 19ஆம் நூற்றாண்டில் அங்கே வீட்டுக்கு வீடு குடும்பமாக உட்கார்ந்து கண்ணாடி ஊதி, உள்ளே வெள்ளிப்பூச்சு ஊற்றி, குண்டு செய்து விற்றார்கள். 1880இல் உல்வொர்த் என்கிற அமெரிக்க வியாபாரி வாங்கி விற்கத் தொடங்கியதும் அது அமெரிக்கா முழுக்கப் பரவியது. இன்றைக்குச் சேகரிப்பவர்கள் குண்டின் தலையில் இருக்கும் உலோக மூடியைப் பார்த்தே ஏறக்குறைய எந்தக் காலம், எந்த நாடு என்று சொல்லிவிடுகிறார்கள். இந்தியாவில் செய்த புதுக் குண்டுகள் பழசு என்ற பெயரில் விற்கப்படுகின்றன, ஜாக்கிரதை என்று எச்சரிக்கையும் செய்கிறார்கள்.

அவங்களுக்கு அது சாமிகூட இல்லை, மரத்தில் தொங்கும் அலங்காரம். அதுக்கே இவ்வளவு மெனக்கெடல். நாம பூ வைத்துக் கும்பிட்ட படத்துக்கு என்ன செய்தோம்?

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். தஞ்சாவூர் ஓவியம் வேறு, கண்ணாடி ஓவியம் வேறு. முன்னது பலகையில் துணி ஒட்டி, சுண்ணப் பசையால் மேடு எழுப்பி, தங்க ரேக்கும் கல்லும் பதிப்பது. பின்னது கண்ணாடியின் முதுகில் வரைவது. கண்ணாடி வழியாகப் பார்க்கப்போவதால் எல்லாமே தலைகீழ். கண்ணின் கருமணி, நகையின் புள்ளி, புடவை மடிப்பு எல்லாம் முதலில். உடம்பின் நிறம் அப்புறம். பின்னணி கடைசியில். மின்ன வேண்டிய இடத்துக்குப் பின்னால் ஜிகினாத் தாள். இடமும் வலமும் மாறிவிடும் என்பதையும் மனசுல வைத்துக்கொண்டே வரையணும். பொட்டு வைக்க மறந்துட்டு முகத்துக்கு நிறம் அடிச்சா, அவ்வளவுதான்.

ஐரோப்பாவிலும் சீனாவிலும் இருந்த இந்த வித்தை 18ஆம் நூற்றாண்டில் கப்பல் வழியாக இந்தியா வந்தது. மராட்டியர் காலத்துத் தஞ்சாவூரில் நம்ம சாமிகளும் கண்ணாடிக்குள் குடியேறினார்கள். ஒரத்தநாட்டில் முத்தம்பாள் பெயரில் சத்திரம் கட்டினாரே, அதே சரபோஜி மன்னர் காலத்துச் சங்கதி. பிறகு 1894இல் ரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கினார். அச்சடித்த சாமிப் படம் மலிவாக வீட்டுக்கு வீடு வந்தது, கண்ணாடியில் வரைபவருக்கு வேலை குறைந்தது. ஜெயா அப்பாசாமி 1980இல் இந்தியக் கண்ணாடி ஓவியங்களைப் பற்றி ஒரு தனிப் புத்தகமே எழுதினார். அதற்குப் பிறகும் நம் ஊரில் இது 'பழைய சாமான்' கணக்குதான்.

இப்போ என் சண்டை யாரோடு? அப்பாயியோடு இல்லை. அது அவங்க பொருள், அவங்க முடிவு. வாங்கி விற்பவர்களோடும், கேள்வி கேட்காமல் வாங்கி மாட்டுபவர்களோடும்தான்.

கண்ணாடி ஓவியத்தின் சரித்திரம் அதன் முதுகில் இருக்கிறது. பின்பலகை, துருப்பிடித்த ஆணி, ஒட்டியிருக்கும் காகிதம், சட்டம் போட்ட கடையின் சீட்டு. விற்பனைக்கு முன்னால் முதலில் பிடுங்கிப் போடுவது அதைத்தான். புது பிளைவுட் அடித்து, பாலீஷ் போட்டு, 'ஆன்டிக்' என்று ஒரே வார்த்தை. எந்த ஊர், யார் வீடு, எந்தச் சுவர்? பதில் கிடையாது. பழைய சட்டத்துக்குள் புதுப் படத்தைச் செருகினாலும் யாருக்குத் தெரியும்?

"நாங்க வாங்கலேன்னா குப்பைக்குத்தான் போயிருக்கும்" என்பார்கள். பாதி உண்மை, ஒத்துக்கிறேன். கறையான் தின்றதும் பரண் மேலிருந்து விழுந்து நொறுங்கியதும் நிறைய. ஆனால் காப்பாற்றினேன் என்பவர் ஊர் பேரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்ட எவ்வளவு செலவாகும்? படத்தைக் காப்பாற்றி அதன் பிறப்பை அழிப்பது என்ன காப்பாற்றல்?

சட்டமும் இருக்கு. 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி 100 வருஷம் தாண்டிய ஓவியத்தைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேணும். சரி, 100 வருஷம் ஆச்சா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது? முதுகைத்தான் பிடுங்கிப் போட்டாச்சே!

அதனால ஊருக்குப் போகும்போது ஒரு வேலை செய்யுங்க. வீட்டில் கண்ணாடிப் படம் இருந்தா முன்னாலும் பின்னாலும் போனில் போட்டோ எடுங்க. யார் வாங்கியது, எந்தக் கல்யாணத்துக்கு வந்தது என்று பாட்டியிடம் கேட்டு எழுதி வைங்க. படத்தைச் சட்டத்திலிருந்து பிரிக்காதீங்க. பின்பக்கம் ஈரத்துணி படவே கூடாது, வண்ணம் செதில் செதிலா உரிஞ்சு வந்துடும். அப்புறம் விற்பதும் வைத்திருப்பதும் உங்க இஷ்டம்.

எங்க கிருஷ்ணர் எந்தச் சுவரில் தொங்குகிறாரோ, தெரியாது. அவர் ஒரத்தநாட்டுக்காரர் என்பது அந்த வீட்டுக்காரருக்கும் தெரியாது. விலை போனது கூட வலிக்கலை, அதுதான் வலிக்குது.

டிஸ்கி: குடத்தில் இன்னமும் தண்ணி பிடிக்கிறோம். அதன் மேல் அப்பாயி பேரும் வருஷமும் வெட்டியிருக்கு. பாருங்க, குடத்துக்கு இருக்கிற சரித்திரம் கிருஷ்ணருக்கு இல்லை.