அனுப்பியவர் யார்?

தேர்தல் காலத்தில் செல்பேசிக்கு வரும் குறுஞ்செய்திகளை நாம் படிக்கிறோம், சிலவற்றை நண்பர்களுக்கும் அனுப்புகிறோம். இதை அனுப்பியவர் யார், இதற்குப் பணம் கொடுத்தவர் யார் என்று கேட்கிறோமா? அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் நடந்த ஒரு நிகழ்வு, இக்கேள்வியைக் கத்தோலிக்கராகிய நம் முன் வைக்கிறது.

கருக்கலைப்பு உரிமைக்கு மாநில அரசியலமைப்பில் இடம் உண்டு என்று கன்சாஸ் உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. அந்த உரிமையை நீக்கும் திருத்தம் 2022 ஆகஸ்ட் 2 அன்று மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. திருத்தத்தை ஆதரிப்போர் 'ஆம்' என்று வாக்களிக்க வேண்டும். அங்குள்ள திருச்சபை 'ஆம்' என்ற பக்கம் நின்றது. கன்சாஸ் சிட்டி உயர்மறைமாவட்டம் மட்டுமே 20 இலட்சம் டாலருக்கு மேல் வழங்கியது.

வாக்கெடுப்புக்கு முந்தின நாள் பலருக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. 'ஆம்' என்று வாக்களித்தால் பெண்களின் தெரிவுரிமை காக்கப்படும் என்பது அதன் கருத்து. உண்மை இதற்கு நேர்மாறானது. முன்னாள் ஆளுநர் கேத்லின் செபேலியசுக்கும் அச்செய்தி வந்தது. அனுப்பியவர் பெயர் அதில் இல்லை. குடியரசுக் கட்சியினருக்குப் பணிபுரியும் ஒரு நிறுவனத்துடன் அதற்குத் தொடர்பு உண்டு என வாஷிங்டன் போஸ்ட் நாளேடு பின்னர் எழுதியது. ஆனால், இத்தகைய வாக்கெடுப்பு பற்றிய குறுஞ்செய்தியில் செலவு செய்தவர் பெயரைக் குறிப்பிட அன்றைய மாநிலச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை.

நாடு தழுவிய தேர்தல்களிலும் இந்த ஓட்டை பழையது. ஒரு குறுஞ்செய்தியில் 160 எழுத்துகளே அடங்கும் என்பதால், சட்டையில் குத்தும் பொத்தான், பேனா போன்ற சிறு பொருட்களுக்குத் தரும் விலக்கைக் குறுஞ்செய்திக்கும் 2002-இல் கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் அளித்தது. இன்று நீண்ட செய்தியும் இணைய முகவரியும் எளிதாக அனுப்பலாம். கலிபோர்னியா மாநிலம் 2020 முதல், பெருமளவில் அனுப்பப்படும் அரசியல் குறுஞ்செய்திகளில் அனுப்பும் குழுவின் பெயரைக் கேட்கிறது. ஆக, பெயர் சொல்ல இடமில்லை என்ற சாக்கு இனி செல்லாது.

அன்பார்ந்தவர்களே, நம்மை உறுத்த வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பொய் நமக்கு எதிராகச் சொல்லப்பட்டதல்ல, நாம் ஆதரிக்கும் பக்கத்திற்காகச் சொல்லப்பட்டது. 'ஆம்' தோற்றது, ஏறத்தாழ 59 விழுக்காட்டினர் 'இல்லை' என்றனர். ஒருவேளை வென்றிருந்தால், அந்தச் செய்தியை நாம் கண்டித்திருப்போமா? கருவிலிருக்கும் உயிருக்காகப் பேசுகிறவர்கள் எட்டாம் கட்டளையை ஒதுக்கிவைக்க முடியாது. ஏமாற்றிப் பெற்ற வாக்கு எந்த உள்ளத்தையும் மாற்றாது.

எனவே, அனுப்புகிறவர் தம் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற விதியை எதிர்த்தரப்புக்காக மட்டும் கேட்க வேண்டாம். நம் தரப்புக்கும் சேர்த்தே கேட்போம். சட்டம் வரும்வரை, பெயரில்லாத அரசியல் செய்தியை, அது நமக்குப் பிடித்ததாக இருந்தாலும், பிறருக்கு அனுப்பாதிருப்போம்.