மீன்களுக்கு மருந்தா, தடுப்பூசியா?

நார்வேயின் சால்மன் பண்ணைகள் 1987-இல் ஏறத்தாழ 50 டன் நுண்ணுயிர்க்கொல்லிகளைத் தீவனத்தில் கலந்து கொடுத்தன. அன்றைய மீன் உற்பத்தி ஏறத்தாழ 50 ஆயிரம் டன். அதாவது, ஒரு டன் மீனுக்கு ஒரு கிலோ மருந்து! இன்று உற்பத்தி 15 லட்சம் டன். ஆண்டு முழுவதற்குமான மருந்து ஒரு டன்னுக்கும் குறைவு. அதே மீனை வளர்க்கும் சிலி நாடோ ஆண்டுக்கு 300 டன்னுக்கு மேல் செலவிடுகிறது.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் மீனின் உடலிலேயே இருக்கிறது. மீனின் மேல் படர்ந்துள்ள வழவழப்பான கோழைதான் அதன் முதல் அரண். பாக்டீரியாவின் உறையைச் சிதைக்கும் லைசோசைம் என்ற நொதி அதில் உண்டு. அந்த அரணைக் கடந்துவரும் கிருமியை ரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள்கள் எதிர்கொள்கின்றன. ஆனால், குளிர்ந்த நீரில் அவை உருவாக வாரக்கணக்கில் ஆகும். எனவேதான், குஞ்சுகளைக் கடலில் விடுவதற்கு முன்பே ஒவ்வொன்றின் வயிற்றிலும் தடுப்பூசி போடும் முறையை நார்வே கைக்கொண்டது. கோடிக்கணக்கான மீன்களுக்கு ஊசி போடுவது நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். கணக்குப் பார்த்தால் அதுவே சிக்கனம்.

சிலியைச் சோம்பேறி என்று பழிப்பது நியாயமாகாது. அங்கு பரவும் பிசிரிக்கெட்சியா என்ற பாக்டீரியா மீனின் உயிரணுக்களுக்குள்ளேயே பதுங்கிக்கொள்கிறது. ரத்தத்தில் உலவும் எதிர்ப்பொருளால் அங்கே எளிதில் எட்ட முடிவதில்லை. ஆகவே, தடுப்பூசி இருந்தும் அதன் பாதுகாப்பு நீடிப்பதில்லை.

இந்தியாவின் நிலை வேறு. நமது ஏற்றுமதியின் முதுகெலும்பான இறாலுக்கு எதிர்ப்பொருளை உருவாக்கும் ஆற்றலே இல்லை. நார்வேயின் ஊசி இங்கு பயன்படாது. இறால் பண்ணைகளை அழிக்கும் வெண்புள்ளி நோய் வைரஸால் வருவது என்பதால், நுண்ணுயிர்க்கொல்லியும் பயன் தராது. நோயற்ற தாய் இறால்களும் தூய்மையான நீருமே வழி. 2009-இல் வனாமி இறாலுக்கு அனுமதி அளித்தபோது, நோயற்ற தாய் இறால்களைச் சென்னையில் தனிமைப்படுத்திச் சோதித்த பின்னரே வழங்கும் ஏற்பாடு செய்யப்பட்டது பாராட்டத்தக்கது.

ரோகு, கட்லா போன்ற கெண்டை இனங்களுக்கோ எதிர்ப்பொருள் ஆற்றல் உண்டு. எனினும், ஏற்றுமதி இறாலில் மருந்தின் எச்சம் இருக்கிறதா என்று பார்ப்பதில் காட்டும் கண்டிப்பு, உள்நாட்டுச் சந்தைக்கு வரும் இம்மீன்களின் விஷயத்தில் தென்படுவதில்லை. வெளிநாட்டு இறக்குமதியாளர் திருப்பி அனுப்பினால் அரசு பதறுகிறது; உள்ளூர் நுகர்வோருக்குத் திருப்பி அனுப்பும் வாய்ப்பு இல்லை. கெண்டை மீன்களுக்கான தடுப்பூசி ஆய்வுக்கு உரிய நிதி ஒதுக்குவதுடன், உள்நாட்டு மீன்களிலும் மருந்து எச்சத்தைத் தவறாமல் சோதித்து, முடிவுகளை அரசு வெளியிட வேண்டும்.