மன்னிப்பு யாருடையது?

பல ஆண்டுகளுக்கு முன், நான் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தேன். இன நல்லிணக்க நாளையொட்டிப் பல இன மாணவர்களையும் லிட்டில் இந்தியாவுக்கு அழைத்துச் சென்றோம். கேம்பல் லேனில் நடந்துகொண்டிருந்தபோது, மாணவன் ஒருவன் என் தமிழ் மாணவனின் நிறத்தைக் கேலி செய்தான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கேலி செய்தவனை மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். அவன் எங்கோ பார்த்தபடி, “சாரி” என்றான். உடனே நான் மற்றவனிடம், “சரி, மன்னித்துவிடு. இருவரும் கைகுலுக்குங்கள்” என்றேன். இரண்டு நிமிடங்கள்கூட ஆகியிருக்காது. சிக்கலை நன்றாகத் தீர்த்துவிட்டதாக எனக்குப் பெருமை வேறு!

பேருந்தில் திரும்பும்போது அந்தத் தமிழ் மாணவன் என்னிடம் வந்தான். “நான் ஏன் ஐயா உடனே மன்னிக்க வேண்டும்?” என்று கேட்டான். அன்று என்னிடம் பதில் இல்லை.

2021ஆம் ஆண்டு மே 7ஆம் தேதி சுவா சூ காங்கில் நடந்த சம்பவம் அந்தக் கேள்வியை மீண்டும் நினைவூட்டியது. நடைப்பயிற்சி செய்துகொண்டிருந்த இந்தியப் பெண்மணி ஒருவரை, ஓர் ஆடவர் இனத்தை இழிவுபடுத்தும் சொற்களால் திட்டி, மார்பில் உதைத்தார். கீழே விழுந்து காயமடைந்தவருக்கு, அவ்வழியே வந்த ஒரு பெண் கட்டுப்போட்டு உதவினார். ஆடவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. விசாரணைக்குப் பின், 2023இல் அவருக்கு மூன்று வாரச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 13 வெள்ளி 20 காசு இழப்பீடு வழங்கவும் நீதிமன்றம் உத்தரவிட்டது.

அந்தப் பெண்மணி அவரை மன்னித்தாலும் மன்னிக்காவிட்டாலும் அது அவருடைய விருப்பம். “பெரிய மனம் வேண்டும்” என்று அவருக்கு அறிவுரை கூற நமக்கு உரிமை இல்லை. உதை வாங்கியவர்கள் நாம் அல்லர். ஆனால், அவர் மனமார மன்னித்தாலும் வழக்கு தேவைதான் என்பது என் கருத்து. அந்தச் சொற்கள் அவரை மட்டும் குறிவைக்கவில்லை. அவரைப் போன்ற நிறமுடைய எவரும் மறுநாள் வீட்டை விட்டு வெளியே வர அஞ்சியிருக்கலாம். அவர்கள் எல்லாருக்காகவும் ஒருவரே மன்னிப்பு வழங்க முடியுமா?

இங்கே திருக்குறளின் அமைப்பைக் கவனியுங்கள். தீங்கு செய்தவரைப் பொறுத்துக்கொள்வதைப் பற்றிப் பேசும் ‘பொறையுடைமை’ அறத்துப்பாலில், இல்லறவியலில் இருக்கிறது. நடுநிலையோடு நீதி வழங்குவதைப் பற்றிப் பேசும் ‘செங்கோன்மை’ பொருட்பாலில், அரசனுக்குரிய பகுதியில் இருக்கிறது. பொறுமை தனிமனிதருக்கு அழகு. அரசு அதைக் காரணம் காட்டித் தன் கடமையிலிருந்து ஒதுங்க முடியாது.

அதற்காக, தவறு செய்த எல்லாரையும் சிறைக்கு அனுப்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 2005இல் மலாய்ச் சமூகத்தை இழிவுபடுத்தி இணையத்தில் எழுதிய 17 வயது இளையர் ஒருவர் தண்டிக்கப்பட்டார். நீதிமன்றம் அவரைச் சிறையில் அடைக்கவில்லை. 24 மாதம் நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தது. மலாய்ச் சமூகத்தினரிடையே 180 மணி நேரம் சேவை செய்யவும் பணித்தது. யாரைப் பழித்தாரோ அவர்களோடு பழக வேண்டும். அவர்களுக்காக உழைக்க வேண்டும். 2025 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய இன நல்லிணக்கப் பராமரிப்பு மசோதாவிலும் இத்தகைய எண்ணம் உண்டு. கடுமையற்ற குற்றங்களைச் செய்தவர்கள், தாங்கள் புண்படுத்திய சமூகத்தைப் புரிந்துகொண்டு உறவைச் சீர்செய்ய அது வழிவிடுகிறது.

180 மணி நேரம் என்பதை எண்ணும்போது, கேம்பல் லேனில் நான் செலவிட்ட இரண்டு நிமிடங்கள் நினைவுக்கு வருகின்றன. கேலி செய்தவனுக்கு ஒரே சொல்லோடு வேலை முடிந்துவிட்டது. ‘ஏன் அப்படிச் சொன்னாய்?’ என்றுகூட நான் அவனைக் கேட்கவில்லை. சிரித்தவர்களையும் கேட்கவில்லை. பொறுத்துக்கொள்வது, மறப்பது, கைநீட்டுவது ஆகிய எல்லாவற்றையும் புண்பட்டவனிடமே ஒப்படைத்துவிட்டேன்.