விரைவு வேண்டும் — விலை எவ்வளவு?



1964ஆம் ஆண்டு, இருப்புப்பாதை வரலாற்றில் இரு காட்சிகளைக் கண்டது. அக்டோபர் முதல் நாள், சப்பானின் டோக்கியோ நகரிலிருந்து ஒசாகா நோக்கி அதிவேக இரயில் புறப்பட்டது. ஆறரை மணி நேரப் பயணம் நான்கு மணி நேரமாகச் சுருங்கிற்று. ஏடுகள் புகழ்ந்தன, ஏனைய நாடுகள் ஏங்கின. அதே ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு, தனுஷ்கோடியை நெருங்கிக்கொண்டிருந்த இரயிலைக் கடல் விழுங்கிற்று. பயணம் செய்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் எவரும் கரை சேரவில்லை. ஊரும் போயிற்று, துறையும் போயிற்று, தண்டவாளமும் போயிற்று. சென்னையில் வாங்கிய ஒரே சீட்டில் இரயிலேறி, தனுஷ்கோடியில் கப்பலேறி, தலைமன்னாரில் மீண்டும் இரயிலேறிக் கொழும்பு சேர்ந்த வழி அன்று முறிந்தது. இராமேசுவரத்துக் கப்பல் மட்டும் மேலும் சில காலம் ஓடிற்று; 1980களில் அதுவும் நின்றது.

ஒரு நாட்டில் இரயில் பறந்தது. நம் நாட்டிலோ இருந்த பாதையும் அறுந்தது. இந்த ஏக்கம் நெஞ்சில் இருப்பதால்தான், நாடு விட்டு நாடு பாயும் அதிவேக இரயில் என்று எவரேனும் சொன்னால் நம் இளைஞர்களின் விழி விரிகிறது. அதில் தவறில்லை. மேடையேறி, "வேண்டும்!" என்று முழங்கினால் கைதட்டல் கிடைக்கும். "வேண்டாம், நிலம் போகும்!" என்று முழங்கினாலும் கைதட்டல் கிடைக்கும். இரண்டும் எளிது. தராசு பிடிப்பதுதான் கடினம். ஆட்சிக்கு வர விரும்பும் இயக்கத்தின் தொண்டன் பிடிக்க வேண்டியதோ அந்தத் தராசைத்தான்.

எடைபோட நம் கண்முன் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நாகைத் துறையில் கப்பலேறிச் சென்ற நம் மக்கள் காடு திருத்தி, ரப்பர் வளர்த்து, தண்டவாளம் பதித்த மலாயா மண்ணில் எழுந்த திட்டம் அது. கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 350 கிலோமீட்டர்; 90 நிமிடப் பயணம்; எட்டு நிலையங்கள். 2013 பிப்ரவரியில் இரு நாட்டுத் தலைமை அமைச்சர்களும் அறிவித்தனர். 2016 டிசம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 2018 மே மாதம் மலேசியாவில் ஆட்சி மாறிற்று. 11,000 கோடி ரிங்கிட் செலவாகும், நாடு தாங்காது என்றார் புதிய தலைமை அமைச்சர் மகாதீர். திட்டம் தள்ளிவைக்கப்பட்டது, தள்ளிவைத்ததற்கே சிங்கப்பூருக்கு ஒன்றரைக் கோடி சிங்கப்பூர் வெள்ளி கொடுக்க நேர்ந்தது. 2021 சனவரி முதல் நாள் ஒப்பந்தம் மாண்டது. இழப்பீடாக மேலும் 10 கோடியே 28 லட்சம் சிங்கப்பூர் வெள்ளியை மலேசியா கட்டிற்று. ஓடாத இரயிலுக்குக் கட்டணம் கட்டிய நாடு என்ற பெயர் மிஞ்சிற்று!

ஏன் இந்த வீழ்ச்சி? திட்டம் தீயது என்பதாலா? அல்ல. மூவார், பத்து பகாட் போன்ற நடுத்தர ஊர்களுக்கும் நிலையம் கிடைத்திருக்கும். வானூர்தி நெரிசல் குறைந்திருக்கும். சாலையில் எரியும் எண்ணெய் மிஞ்சியிருக்கும். நன்மை மெய். ஆயினும் பாதையில் 335 கிலோமீட்டர் மலேசியாவில். 15 கிலோமீட்டர்தான் சிங்கப்பூரில். நிலமும் நெடுஞ்செலவும் ஒருபுறம் குவிய, பயன் எப்படிப் பிரியும் என்ற கேள்வி எழாமல் இருக்குமா? தண்டவாளத்தையும் வண்டிகளையும் பேணும் பொறுப்பைப் பன்னாட்டு ஏலத்தில் தேர்ந்த நடுநிலை நிறுவனத்திடம் விட வேண்டும் என்பது முதல் ஒப்பந்தம். அந்த நிறுவனமே வேண்டாம் என்றது மலேசியா. அதுவே இருதரப்புக்கும் காப்பு என்றது சிங்கப்பூர். அங்கேதான் தடம் புரண்டது.

திருவையாறு என்ற பெயரிலேயே ஐந்து ஆறுகள் ஓடுகின்றன: காவிரி, குடமுருட்டி, வெண்ணாறு, வெட்டாறு, வடவாறு. எந்த ஆற்றில் எவ்வளவு நீர், எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாள் முறை என்று கணக்கிட்டு வாழ்ந்த மண் இது. அந்தக் கணக்கு மனத்தோடு ஐந்து கேள்விகளைக் கேட்போம்.

முதற்கேள்வி: ஏறுவோர் யார்? இங்கிலாந்தையும் பிரான்சையும் கடலடியில் இணைத்த சுரங்கப்பாதை 1994இல் திறக்கப்பட்டது. எதிர்பார்த்த பயணிகளில் சிறு பகுதியினரே தொடக்க ஆண்டுகளில் வந்தனர். கட்டிய நிறுவனம் கடனில் மூழ்கிற்று. இன்று அந்த இரயில் புகழோடு ஓடுகிறது. ஆனால் முதலிட்டவர் பட்ட பாட்டைப் புகழ் ஈடு செய்யவில்லை.

இரண்டாம் கேள்வி: கடன் யாருடையது? மும்பை–அகமதாபாத் பாதை 508 கிலோமீட்டர். 2017இல் அடிக்கல் நாட்டியபோது மதிப்பு 1.08 லட்சம் கோடி ரூபாய். அதில் 81 விழுக்காடு சப்பானியக் கடன், வட்டி 0.1 விழுக்காடு, தவணை 50 ஆண்டு. வட்டி மலிவுதான்; மறுக்கவில்லை. ஆனால் கடன் யென் நாணயத்தில், வருவாய் ரூபாயில். நாணய மதிப்பு நழுவினால் மலிவும் நழுவும். 2022 ஆகஸ்டில் ஓடும் என்றனர், ஓடவில்லை. தாமதத்தின் ஒவ்வோர் ஆண்டும் செலவுக் கணக்கில் ஏறுகிறது. சப்பானிலேயே முதற்பாதையின் செலவு மதிப்பீட்டைப் போல ஏறத்தாழ இருமடங்காகி, இருப்புப்பாதைத் தலைவர் 1963இல் பதவி விலக நேர்ந்தது. திறப்பு விழா அவர் இல்லாமலே நடந்தது.

மூன்றாம் கேள்வி: நிலம் யாருடையது? 2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம், பலபோகம் விளையும் பாசன நிலத்தை வேறு வழியே இல்லாதபோதுதான் எடுக்கலாம் என்கிறது. கேட்பதற்கு இனிக்கிறது. ஆனால் இருப்புப்பாதை, நெடுஞ்சாலை போன்ற நீளத் திட்டங்களுக்கு அந்தக் காப்பு பொருந்தாது என்று அதே பிரிவு கதவைத் திறந்து வைத்திருக்கிறது! குத்தகை உழவரையும் பாதிக்கப்பட்டோர் என்று சட்டம் ஏற்கிறது. ஆயினும் கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் வாய்மொழிக் குத்தகையில் உழுபவரின் கையில் காகிதம் ஏது? 1969இல் குத்தகை உரிமையைப் பதிவு செய்யத் தமிழகத்தில் சட்டம் வந்தது. பதியாதவர் இன்றும் உண்டு. இழப்பீட்டு நாளில் பட்டா பேசும். பாடுபட்ட கை பேசாது. அன்றியும் நம் சமவெளியில் மண்மேடு எழுப்பினால் வடிகால் அடைபடும். ஒரு வயலை எடுத்து நூறு வயலை மூழ்கடித்த கதையாகும். தூண்மேல் பாதை அமைத்தால் இக்கேடு குறையும், செலவு கூடும். அந்தக் கூடுதல் செலவையும் முதலிலேயே கணக்கில் எழுது என்போம்.

நான்காம் கேள்வி: ஆட்சி மாறினால் என்ன ஆகும்? மலேசியா தந்த பாடம் இது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே நிலவழித் தொடர்புக்கு ஆய்வு செய்யலாம் என்று 2023 சூலையில் இரு அரசுகளும் அறிவித்தன. அடுத்த ஆண்டே இலங்கையில் ஆட்சி மாறிற்று. ஆகவே அமைச்சர்களின் கைகுலுக்கலைப் பாலத்தின் தூணாக எண்ணலாகாது. இருநாட்டு மன்றங்களும், கடலை நம்பிய இருகரை மீனவர்களும், பவளப்பாறை செறிந்த மன்னார் வளைகுடாவும் அந்தக் கணக்கில் இடம்பெற வேண்டும்.

ஐந்தாம் கேள்வியே தலையாயது: அதே பணத்தில் வேறென்ன செய்யலாம்? அதிவேக இரயிலை இழந்த மலேசியாவும் சிங்கப்பூரும் ஒன்றை விடவில்லை. சொகூர் பாருவையும் உட்லண்சையும் இணைக்கும் 4 கிலோமீட்டர் விரைவுப் பாதை! அதுவும் தள்ளிப்போயிற்று, ஆனால் 2020 சூலையில், செலவைக் குறைத்து, எளிய வண்டியைத் தேர்ந்து மீண்டும் கையெழுத்திட்டனர், 2026 இறுதியைக் கெடுவாக வைத்தனர். நாள்தோறும் விடியுமுன் எழுந்து எல்லைப் பாலத்தில் காத்துக் கிடக்கும் உழைப்பாளிக்கு ஐந்து நிமிடப் பயணம். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகமில்லை. ஆனால் மூன்று லட்சம் பேர் நாளும் கடக்கும் எல்லை. பெருங்கனவு வீழ்ந்த இடத்தில் சிறுபாதை வென்றது!

இனி நம் பக்கம் பாருங்கள். 'போட் மெயில்' என்று மக்கள் இன்றும் அழைக்கும் வண்டி தஞ்சை வழியே ஓடுகிறது. அது ஓடும் தஞ்சை–விழுப்புரம் பாதை ஒற்றைத் தடம். எதிர்வண்டிக்கு வழிவிட்டு நிற்கும் நேரம் எவர் கணக்கிலும் இல்லை. திருவையாற்றுக்கோ இருப்புப்பாதையே இல்லை. 2015 மார்ச்சில் தலைமன்னார்ப் பாதை மீண்டும் திறக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் பாம்பனில் புதிய பாலம் திறக்கப்பட்டது. இரு கரையிலும் தண்டவாளம் உண்டு. நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடல். நாகையிலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பல், சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் புறப்பட்டது. ஆண்டு முழுதும் தவறாத கப்பல், ஏழை எட்டும் கட்டணம், இரு கரையிலும் இரயிலோடு இணைப்பு, தஞ்சை–விழுப்புரம் இரட்டைத் தடம்: இவை முதற்படி. பயணிகள் பெருகினால் பாலத்தைப் பற்றிப் பேசலாம். பாலம் நிரம்பினால் வேகத்தைப் பற்றிப் பேசலாம்.

நாம் வேகத்துக்குப் பகைவர் அல்லர். மாட்டு வண்டிக் காலத்துக்கு மீள்வோம் என்பவரோடு நமக்கு உறவில்லை. மூன்று மாநிலங்களைத் தொடும் சென்னை–பெங்களூரு–மைசூரு அதிவேகப் பாதைக்கான திட்டமும் ஏட்டில் இருக்கிறது. நெரிசல் மிக்க அந்தத் தடத்தில் ஐந்து கேள்விக்கும் நல்ல விடை கிடைக்குமாயின் நாமே முன்னின்று வரவேற்போம். விடை தராமல் படம் மட்டும் காட்டினால், எந்தக் கட்சியின் அரசாயினும், நம் அரசே ஆயினும், கேட்போம்.

ஆகவே தோழர்களே, உங்கள் கிளைக் கூட்டங்களில் இந்த ஐந்தையும் எடுத்து வையுங்கள். ஏறுவோர் யார், கடன் யாருடையது, நிலம் யாருடையது, ஆட்சி மாறினால் என்ன, அதே பணத்தில் வேறென்ன? பட்டாவில் பெயரில்லாத உழவர் உங்கள் ஊரில் எத்தனை பேர் என்று இன்றே கணக்கெடுங்கள். குத்தகைப் பதிவுக்கு அவரை வட்டாட்சியர் அலுவலகம் அழைத்துச் செல்லுங்கள். அளவுக்கல் வயலில் விழுந்தபின் அந்தக் காகிதத்தைத் தேடினால் கிடைக்காது.