ஒரு நிமிடம் முழுசாக

பக்கத்து வீட்டுப் பெண் நர்சிங் படிக்கிறாள். அடுத்த வாரம் பரீட்சை. சாயந்தரமானால் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து மனப்பாடம்: "நாடி 60 முதல் 100. மூச்சு 12 முதல் 20." கொடைரோட்டில் ரயில் நின்று கிளம்பும் சத்தத்திலும் அவள் வாய் ஓயாது.

"என் மூச்சை எண்ணும்மா" என்றேன். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினாள். "16, தாத்தா."

இது போதாது. மூச்சை ஒரு நிமிடம் முழுசாக எண்ண வேண்டும். அதுவும் நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு. எண்ணுவது தெரிந்தால் மூச்சே மாறிவிடும். குழந்தைகளுக்கு மூச்சு சீராக இருக்காது. 15 விநாடியில் ஒன்று தவறினால் கணக்கில் நாலு தவறும். இருமும் குழந்தைக்கு 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, 5 வயதுக்குள் 40 என்று மூச்சு எட்டினால் நிமோனியாவைச் சந்தேகிக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு எக்ஸ்ரே வேண்டாம், விநாடி முள் ஓடும் கடிகாரம் போதும்.

1958-ல் என் தம்பி, எட்டு மாதக் குழந்தை, இருமி இருமியே போய்ச் சேர்ந்தான். "சளிதான்" என்றார்கள். டாக்டர் சௌந்தரம் அம்மா உருவாக்கிய கஸ்தூரிபா ஆஸ்பத்திரி பக்கத்திலே காந்திகிராமத்தில் அன்றைக்கே இருந்தது. உடனே தூக்கிக்கொண்டு போங்கள் என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

அதனால் சொல்கிறேன்: எண்களைக் கேட்டு மட்டும் மார்க் போடாதீர்கள். கையில் கடிகாரத்தைக் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள்.

நேற்று மறுபடி என் கையைப் பிடித்தாள். நிமிடம் முழுசும் எண்ணினாள். "19, தாத்தா."