கல்லுக்குள் காற்று

"காற்றுக்கு ஏது விலை?" என்று கேட்பது நம் வழக்கம். விலை உண்டு என்பதே வேதியியல் மாணவன் என்ற முறையில் என் கருத்து.

புவி தோன்றி ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள் ஆகின்றன. எரிமலைகள் கக்கிய நீராவி, கரியமிலவாயு, நைட்ரஜன் ஆகியவையே அதன் தொடக்ககால வளிமண்டலத்தில் மிகுந்திருந்தன. புவி குளிரவே நீராவி மழையாகப் பொழிந்து கடலாயிற்று. மழைநீர் கரியமிலவாயுவைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிப் பாறைகளை அரித்தது. அரித்த கால்சியத்தை ஆறுகள் கடலில் சேர்த்தன. அங்கே அது கரைந்திருந்த கரியமிலவாயுவோடு கூடிச் சுண்ணாம்புக்கல்லாகப் படிந்தது. காற்று கல்லாயிற்று! ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்தான், நீலப்பச்சைப் பாசிகள் வெளியிட்ட பிராணவாயு வளிமண்டலத்தில் நிலைபெறத் தொடங்கியது.

இவ்வாறு நிகழாவிடில் நம் கதி என்னவாகியிருக்கும்? வெள்ளிக் கோளைப் பாருங்கள். அதன் காற்றில் 96 விழுக்காடு கரியமிலவாயு. தரையின் வெப்பம் ஏறத்தாழ 460 டிகிரி செல்சியஸ். அங்கே வானில் நிற்கும் வாயுவுக்கு ஏறக்குறைய ஈடான அளவு, இங்கே பாறைகளுக்குள் சிறைப்பட்டிருக்கிறது. நம் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல், வயதில் மிக இளையதாயினும், இவ்வாறு கடலடியில் உருவானதே.

அந்தச் சிறையை இன்று நாமே திறந்துவிடுகிறோம். தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சூளையிலிட்டுச் சுட்டால் 44 கிலோ கரியமிலவாயு வெளியேறும். சிமெண்டு ஆலைகளில் நாள்தோறும் நடப்பது இதுதான். இதனோடு நிலக்கரியும் எண்ணெயும் எரிகின்றன. தொழிற்புரட்சிக்கு முன்னர்ப் பத்து இலட்சம் பங்கு காற்றில் 280 பங்காக இருந்த கரியமிலவாயு, இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது.

"இயற்கை தானே சரிசெய்துகொள்ளும்" என்பார் சிலர். உண்மைதான், மழையும் பாறையும் இன்றும் அப்பணியைச் செய்கின்றன. ஆனால் அதற்குப் பல இலட்சம் ஆண்டுகள் வேண்டும். நாம் எடுத்துக்கொண்டதோ இருநூறு ஆண்டுகளுக்குச் சற்று மேல்!

வீடு கட்டவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உறுதியாக நிற்கும் பழைய கட்டடத்தை இடிக்குமுன் ஒருமுறை சிந்திப்போம். சுண்ணாம்புக் காரை இறுகும்போது காற்றிலுள்ள கரியமிலவாயுவில் ஒரு பகுதியைத் திரும்ப ஏற்கிறது. நம் முன்னோர் கையாண்ட அம்முறையை, பொருந்தும் இடங்களில் மீண்டும் கையாளலாமே!

நண்பர்களே, சுண்ணாம்புக்கல் சிதையும் வினையை எழுதி, சமன்செய்து, மதிப்பெண் பெற்றுவிடுகிறோம். கரும்பலகையில் சமன்செய்வதோடு நம் கடமை முடிந்துவிடுமா?